மேலே வைத்த கொழுந்து

இப்போதெல்லாம் ஆட்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். இதில் என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்கலாம். கழுத்தில் கட்டியோடு சில மாதம் நடமாடிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். பதுளைக் கடைவீதியில் நான் வேலை பார்க்கும் புடவைக் கடைக்கு வரும் பெண்கள் சேலையின் விலையைக்கூட என் இடது காதுக்குக் கீழே பார்த்துத்தான் கேட்டார்கள். பதில் சொன்னது நான், அவர்கள் விசாரித்தது கட்டியிடம்.

உனக்கு அப்படி என்னதான் வந்தது என்று எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இன்னும் கேட்கிறார்கள். தண்ணிப் பீலியில் வாளி நிறைவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய நோய் இல்லை அது. அதன் பெயரே இரண்டு வெளிநாட்டு டொக்டர்மாரின் பெயர்களை ஒன்றாக ஒட்டி வைத்தது. என் வாயில் நுழையவே பல நாள் பிடித்தது. அம்மாவின் வாயில் இன்றுவரை நுழையவில்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன். இனிமேல் கேட்பவர்களிடம் இதை நீட்டிவிட்டு என் வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம்.

முதலில் அதைக் கண்டுபிடித்தது ஒரு சேலை. கல்யாண வீட்டார் ஒரு கூட்டமாக வந்திருந்தார்கள். நாளெல்லாம் விரித்துக் காட்டிவிட்டு, கடைசியில் ஒன்றை என் தோளிலேயே போட்டுக் காட்டினேன். முந்தானை கழுத்தோரம் படியாமல் எழும்பி நின்றது. கையை வைத்துப் பார்த்தேன். இடது காதுக்குக் கீழே எலுமிச்சங்காய் அளவில் ஒன்று, வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. அழுத்தினால் வலிக்கவில்லை. வலது பக்கத்திலும் சின்னதாக இரண்டு மூன்று தட்டுப்பட்டன. காலில் முள் ஏறினால் தொடையிடுக்கில் நெறி கட்டும், பல் வலித்தால் தாடைக்குக் கீழே கட்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். உடம்புக்குள் எது நுழைந்தாலும் அதோடு முதலில் மல்லுக்கு நிற்பவை அந்த நெறிகள். டொக்டர்மார் அவற்றை நிணநீர்க் கணு என்கிறார்கள். எனக்கு முள்ளும் ஏறவில்லை, பல்லும் வலிக்கவில்லை. வலித்திருந்தால்கூடக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு காய்ச்சல் வர ஆரம்பித்தது. மரியாதை தெரிந்த காய்ச்சல் அது. காலையில் வேலைக்குப் போக விட்டது, மத்தியானம் சாப்பிட விட்டது. வெயில் சாய்ந்து மலையில் மூட்டம் இறங்குகிற நேரத்துக்குத்தான் வந்து தோளைத் தொட்டது. கடைக் கண்ணாடிக்கு வெளியே வீதி மெதுவாகக் கரையும். பஸ்களின் சத்தம் எங்கோ அடுத்த ஊரில் கேட்பது போலிருக்கும். கண்ணை மூடினால் சேலை விரிப்பேன். ஒரு முனையைப் பிடித்து உதறினால் அது போய்க்கொண்டே இருக்கும். கடை வாசலைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, தேயிலை மலைகளின் மேல் மடிப்பு மடிப்பாகப் படிந்து இன்னும் போகும். மறுமுனை வரவே வராது. இவ்வளவையும் நான்தானே மடிக்க வேண்டும் என்ற கவலையில் விழித்துக்கொள்வேன். உடம்பெல்லாம் வேர்த்திருக்கும். அந்தக் கனவு எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். விழித்திருந்த நேரத்தைவிட அதில் பயம் குறைவு.

பயத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் இப்போது அம்மாவும் நானும் மட்டும்தான். தம்பி கொழும்பில் ஒரு ஹோட்டலில் இருக்கிறான். அம்மா தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அப்பா அதே தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஃபெக்டரியில், வேலை செய்தார். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அவருக்குத் தாடைக்குக் கீழே ஒரு கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி குத்திப் பார்த்தார்கள். கேன்சர் என்றார்கள். அடுத்த தீபாவளிக்கு அவர் இல்லை. கட்டி சும்மா கிடந்தது, ஊசி குத்தினதுதான் அதைப் பொங்க வைத்துவிட்டது என்று அம்மா அன்றிலிருந்து சொல்லி வருகிறாள். எங்கள் லயத்தில் அதை மறுத்துப் பேசிய ஆளில்லை. பாதி வீடுகளில் அப்படி ஒரு கதை இருக்கிறது.

என் கட்டியைப் பார்த்ததும் அம்மா சீப்பை எடுத்தாள். தலை பின்னும்போது சடையை இடது பக்கமாக எடுத்துத் தோளுக்கு முன்னால் விட்டாள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான் பின்னினாள். மஞ்சளை அரைத்து வெற்றிலையில் எடுத்து அந்த இடத்தில் பத்துப் போட்டாள். வெற்றிலைதான் கட்டியைத் தொட்டது, அவள் விரல் தொடவில்லை. மற்ற வைத்தியத்தை எல்லாம் லயம் பார்த்துக்கொண்டது. ஒருத்தி கண்டமாலை என்றாள், ஒருத்தி கண்ணேறு என்றாள், இன்னொருத்தி நான் சேலைக் கடையில் குனிந்து குனிந்து நரம்பு பிசகிவிட்டது என்றாள். கேட்காமலே வைத்தியம் சொல்ல எங்கள் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. தோட்டத்து மருந்துக் காம்பராவில் குளிசை கொடுத்தார்கள். அதைத் தின்று முடித்தபோது எலுமிச்சங்காய் வளர்ந்து தோடம்பழம் அளவாகி இருந்தது.

ஆகவே பதுளைப் பெரியாஸ்பத்திரி. அங்கே காத்திருப்பதற்கென்று ஒரு தனி உலகம் இருக்கிறது. வாங்கில் உட்கார்ந்தவர்கள் ஒரு ஆள் எழுந்தால் ஒரு ஆள் தள்ளி உட்கார்ந்து, வாங்கோடு வாங்காக ஊர்ந்து போவார்கள். ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சைப் படம் பிடித்தார்கள். சயரோகம் உண்டா என்று பார்க்க முன்கையில் தோலுக்கடியில் ஊசி மருந்து ஏற்றி, வீங்குகிறதா என்று பார்க்க மறுபடியும் வரச் சொன்னார்கள். வீங்கவில்லை. கண்டமாலை என்று லயத்தில் சொன்னார்களே, அது கழுத்து நெறியில் வருகிற சயரோகம்தான். அது இல்லை போலிருக்கிறது என்றபோது நான் சந்தோஷப்பட்டேன். அடுத்த நொடியே, அது இல்லை என்றால் மிச்சம் இருப்பது என்ன என்று யோசித்தேன். அப்பாவின் தாடை ஞாபகத்துக்கு வந்தது. கட்டியில் ஊசி குத்தி, உள்ளே இருப்பதைக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கிளினிக்கில் நாள் குறித்தார்கள்.

அதை அம்மாவுக்கு நான் விளக்கிய விதம்தான் வினையாகப் போனது. பறித்த கொழுந்தை நிறுக்கிற இடம் மடுவம். அங்கே கணக்கப்பிள்ளை சாக்குக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பார்ப்பார். அந்தப் பிடியில் முத்தல் இலை அதிகமிருந்தால் சாக்கு முழுக்க முத்தல் என்று கணக்கு. மழை நாளில் இலையில் இருக்கும் தண்ணிக்கென்று கிலோக்களைக் கழித்துவிட்டுத்தான் எழுதுவார். அது வேறு சண்டை. ஊசிச் சோதனையும் அந்த ஒரு பிடி மாதிரிதான், கட்டி முழுவதையும் வெட்டாமல் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்கள் என்று சொன்னேன். எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கே பெருமை. அம்மா தலையாட்டினாள். அந்தப் பிடியைச் சமாளிக்கத் தெரியாத பெண் எங்கள் மலையில் யாருமில்லை என்பதை நான் மறந்துபோனேன். முத்தலை அடியில் அமுக்கி, நல்ல தளிராகப் பார்த்து மேலே பரப்பி வைத்துக்கொண்டுதான் மடுவத்துக்கு வருவார்கள்.

ஊசிக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா வழக்கம்போலப் பத்துப் போட்டாள். எனக்குக் காய்ச்சல் ஏறியிருந்தது. கழுத்து எரிந்தது. காய்ச்சல்தான் எரிகிறது என்று நினைத்துச் சேலைகளுக்குள் போய்விட்டேன். விடிந்து பார்த்தால் கட்டியின் மேல் தோல் கொப்பளித்து வெந்திருந்தது.

ஊசி போட வந்த இளம் டொக்டர் அதைப் பார்த்து முகம் சுளித்தார். இந்தத் தோலில் குத்தினால் கிருமி உள்ளே போய்விடும் என்றார். வலது பக்கத்துச் சின்ன நெறிகளில் ஒன்றைப் பிடித்து அதில் குத்தினார். ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லியது அது. உள்ளே போனதும் வெளியே எடுக்காமல் முன்னும் பின்னும் சில தடவை அசைத்தார். எறும்பு கடித்த மாதிரிக்கு மேலே ஒன்றுமில்லை. வந்ததும் ஒரு துளிதான். அதைக் கண்ணாடித் தகட்டில் பூசிக் காற்றில் விசிறினார். என் உயிரைப் பற்றிய செய்தி அந்தக் கண்ணாடியில் மங்கலாகக் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா கதவுக்கு வெளியே நின்றாள். வலது பக்கம் பஞ்சு ஒட்டிக்கொண்டு நான் வந்ததைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. எனக்கு அதன் காரணம் புரியவில்லை.

ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது. நெறி ஏதோ கிருமியோடு சண்டை போட்டுக் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, வேறு கெடுதல் ஒன்றும் தெரியவில்லை என்பது அதன் சாரம். அம்மா மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தாள். இரண்டு மூடியும் வெள்ளையாக, சமமாகப் பிளந்தன. நானும் நம்பினேன். நம்புவதற்கு ஆசையாக இருந்தால் ஒரு தேங்காய் போதும்.

காய்ச்சலுக்குத் தேங்காய் தெரியவில்லை. உடம்பு மெலிந்தது, கட்டி வளர்ந்தது. தலையை இடது பக்கம் திருப்ப முடியாமல் போனது. எங்கள் முதலாளி அதிகம் பேசாதவர். ஒரு நாள் கடையிலிருந்த மெல்லிய பருத்திச் சால்வை ஒன்றை எடுத்து, குளிருக்குப் போட்டுக்கொள் என்று மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். அன்று நல்ல வெயில். கல்லாவுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அந்த வாரமே ஆஸ்பத்திரியில் வாட்டில் படுக்க வைத்துவிட்டார்கள்.

வாட்டு நாட்களை வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. அவை ஒன்றுக்குள் ஒன்று ஊறிப்போய்க் கிடக்கின்றன. காலையில் புத்த விகாரையான பன்சலையிலிருந்து பிரித் ஓதுகிற சத்தம் வரும், அதன் அடியில் எங்கோ கோயில் மணி அடிக்கும். இரண்டும் சேர்ந்து நான் தூங்குகிறேனா இல்லையா என்று குழப்பும். ஜன்னலுக்கு வெளியே இருக்கும் மலை சில நாள் வரும், சில நாள் வராது. பக்கத்துக் கட்டிலில் பசறைப் பக்கத்துச் சிங்கள அக்கா ஒருவர் இருந்தார். சாயங்காலம் என் பல் கிட்டிக்கத் தொடங்கும்போது, மகள் கொண்டு வரும் பிளாஸ்கிலிருந்து கொத்தமல்லித் தண்ணியைத் தன் கோப்பையிலேயே ஊற்றிக் கொடுப்பார். லயத்தில் என் கோப்பையைத் தனியாகக் கழுவி வைத்தவர்கள் உண்டு. அதனால் அந்தக் கோப்பை என் கையில் கனத்தது. அம்மா வேலை முடிந்து வருவாள். சாக்குப் பிடித்த கையில் தேயிலைச் சாயத்தோடு, டிபன் பெட்டியோடு வருவாள். வந்ததும் என் தலையை அவிழ்த்துப் பின்னி, சடையை இடது பக்கம் விடுவாள்.

ஒரு நாள் வேறொரு டொக்டர் வந்தார். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துத் தொங்கவிட்டிருந்த, சின்ன உருவமான சிங்களப் பெண்மணி. நோயாளியைப் பார்க்காமல், நோயாளியிலிருந்து எடுத்ததை மட்டும் நுணுக்குக்காட்டியில் பார்த்து நோய் சொல்கிறவர் அவர். வாட்டு டொக்டர் கேட்டுக்கொண்டதால் அன்று இறங்கி வந்திருந்தார். கடையில் பழகிய சிங்களம் எனக்கு நன்றாகவே வரும். அம்மாவுக்கு அரைகுறை. ஆகவே நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொன்னது நான்தான்.

அவர் என் சடையை ஒதுக்கிவிட்டுக் கட்டியைத் தடவிப் பார்த்தார். தோல் ஆறி, வட்டமாகத் தழும்பு மட்டும் இருந்தது. இதைச் சுட்டது யார் என்று கேட்டார். பத்துப் போட்டது என்றேன். இதில்தான் ஊசி குத்த வேண்டும், வலது பக்கத்து நெறி வலது பக்கத்து நெறியைப் பற்றித்தான் சொல்லும் என்றார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல ரிப்போர்ட் வந்தாகிவிட்டது, திரும்ப எதுக்குன்னு கேளு என்றாள். கேட்டேன். அந்த ரிப்போர்ட் பொய் இல்லை, ஆனால் அது முழு உண்மையும் இல்லை என்றார் டொக்டர். நாளைக் காலையில் தானே வந்து எடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு அம்மா டிபன் பெட்டியைத் திறந்தாள், மூடினாள்.

"அன்னைக்கி சுண்ணாம்பு வச்சது நாந்தான்," என்றாள்.

"எப்பவும் நீதானேம்மா பத்துப் போடுற."

"எப்பவும் மஞ்சதான். அன்னைக்கி வேணும்னுதான் சுண்ணாம்பும் பூண்டும் சேத்து வச்சேன். தோலு வெந்துட்டா அதுல குத்த மாட்டாங்கன்னு."

எனக்கு வந்த கோபத்தில் காய்ச்சல் விட்டுவிட்டது என்றே நினைக்கிறேன். இத்தனை நாள் வீணாகப் போயிற்று, நான் எலும்பாகி விட்டேன், இவள் மடுவத்துக் கணக்கப்பிள்ளையை ஏமாற்றுகிற மாதிரி ஆஸ்பத்திரியை ஏமாற்றியிருக்கிறாள். அப்படியே முகத்துக்கு நேரே சொன்னேன். பக்கத்துக் கட்டில் அக்கா மொழி புரியாவிட்டாலும் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"நான் ஏமாத்தல," என்றாள் அம்மா. "நல்லத மேல வச்சேன். வேற என்ன எனக்குத் தெரியும்?"

அதற்குப் பிறகு நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். பார்க்க வந்தவர்களைப் போகச் சொல்லி மணி அடிக்கிற நேரம் நெருங்கியது. மூட்டம் ஜன்னல் வரை வந்துவிட்டது. அந்த வெள்ளையில் எனக்கு அம்மா ஒரு மலைச்சரிவில் நிற்பது தெரிந்தது, சாக்கைத் திறந்து ஒவ்வொரு தளிராகப் பொறுக்கி மேலே வைக்கிறாள். பொறுக்கப் பொறுக்கச் சாக்கு நிறைகிறது. அவள் முகத்தில் அப்படி ஒரு பயம். விழித்துத் திரும்பினால் அவள் அதே முகத்தோடு என் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"கணக்கப்பிள்ள கைய அடி வரைக்கும் விட்டுப் பாக்கட்டும்மா," என்றேன். "அடியில என்ன கெடக்குன்னு நமக்கே தெரியாதுல்ல."

மணி அடித்தது. எழுந்து நின்றவள் போகாமல், என் பின்னலை அவிழ்த்தாள். சிக்கெடுத்து, முடி முழுவதையும் உச்சிக்கு ஏற்றி, விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது அவள் தனக்குப் போட்டுக்கொள்கிற மாதிரி இறுக்கமாகக் கொண்டை போட்டாள். கழுத்து இரண்டு பக்கமும் வெளியே தெரிந்தது. குளிர்ந்தது. காலையில் வேலைக்குப் போகாமல் நேரே இங்கே வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

சொன்னபடி வந்தாள். டொக்டர் அவளை உள்ளே நிற்கவிட்டார். ஊசி போகும்போது அம்மா என் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்திருந்தாள். இந்த முறை தகடுகள் நிறைய. சிலவற்றைக் காற்றில் காய வைத்தார், சிலவற்றை அப்படியே மருந்துக்குள் அமிழ்த்தினார்.

பிறகு வந்த நாட்களில் நாங்கள் இருவரும் கட்டியைப் பற்றிப் பேசவே இல்லை. அம்மா விலைவாசி பேசினாள், தம்பியின் சம்பளம் பேசினாள், எங்கள் லயத்து நாய் குட்டி போட்டது பேசினாள். நான் செத்துவிடுவேனா என்பதுதான் இரண்டு பேர் மனதிலும் இருந்தது. அதைத் தொடாமல் எதைப் பேசினாலும் அது அதையே சுற்றி வந்தது.

ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பாமல், எங்கள் இரண்டு பேரையும் டொக்டர் தன் அறைக்கே வரச் சொன்னார். அப்படிக் கூப்பிட்டால் நல்ல செய்தியாக இருக்காது என்று எனக்குத் தோன்றியது. அவர் உட்காரச் சொல்வதற்கு முன்பே, கேன்சர் இல்லை, சயரோகமும் இல்லை என்று சொல்லிவிட்டார். அதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லும் வரை அவர் காத்திருக்கவில்லை. அவரே, "அம்மா, கேன்சர் இல்ல," என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

இந்த நோயைத் தானே சில தடவைதான் கண்ணாடியில் பார்த்திருக்கிறாராம். பார்க்கிறீர்களா என்று நுணுக்குக்காட்டியை என் பக்கம் திருப்பினார். பள்ளிக்கூடத்தில் கலத்தின் படத்தைக் கலர் பென்சிலால் வரைந்து புள்ளி வாங்கியவள் நான். நிஜக் கலத்தைப் பார்த்தது அன்றுதான். அதுவும் என்னுடையதை. முதலில் என் கண்ணிமைதான் தெரிந்தது. பிறகு வெளிர்ந்த கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வெளி, அதில் கருநீலப் புள்ளிகள். எங்கள் கடையில் அந்தச் சேர்க்கையில் ஒரு சேலை வந்தால் அன்றே போய்விடும். நடுவில் பெரிய கலம் ஒன்று, விளிம்பு மங்கி, மூட்டம் மாதிரிப் பரந்து கிடந்தது. அதன் வயிற்றுக்குள் சின்னச் சின்ன வட்டங்கள், ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஒரு வெள்ளை வளையத்தோடு பத்திரமாக இருந்தன.

டொக்டர் விளக்கினார். அந்தப் பெரிய கலத்தின் வேலை, குப்பை கூளத்தையும் கிருமியையும் விழுங்கிச் செமிப்பது. இந்த நோயில் அது நம் உடம்பின் சொந்தக் காவல்காரர்களான சின்னக் கலங்களையே விழுங்கி வைத்துக்கொள்கிறது. ஆனால் செமிப்பதில்லை. அவை உள்ளே முழுசாக, உயிரோடு அலைந்துவிட்டு வெளியே போய்விடவும் செய்யும். அதை ஊசித் துளியில் கண்டால் நோயின் பெயர் கிட்டத்தட்ட உறுதி. ஒரு தனிச் சாயம் ஏற்றிப் பார்க்கக் கொழும்புக்கு அனுப்பியிருப்பதாகவும், கட்டியை வெட்ட வேண்டியிருக்காது என்றும், பெரும்பாலானவர்களுக்கு அது மெதுவாகத் தானே அடங்கும் என்றும், எனக்குக் காய்ச்சலும் மெலிவும் இருப்பதால் கொஞ்ச காலம் குளிசை தருவார்கள் என்றும் சொன்னார்.

அம்மாவும் பார்த்தாள். ஒற்றைக் கண்ணை மூட அவளுக்கு வராமல் உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

"முழுங்கிட்டு ஏன் செமிக்கல?" என்று கேட்டாள்.

இதை மொழிபெயர்த்ததும் டொக்டர் சிரித்தார். அது யாருக்கும் இன்னும் தெரியாது என்றார். நான் அம்மாவிடம், நம் தெமோதரை ஸ்டேஷனுக்கு அடியிலேயே ரயில் சுரங்கத்துக்குள் போகிறதே, அது மாதிரி என்றேன். ஸ்டேஷன் ரயிலை விழுங்கின மாதிரித்தான் இருக்கும். ஆனால் உள்ளே போன ரயில் முழுசாக வெளியே வந்துவிடும். அம்மா சிரிக்கவில்லை. இன்னொன்று கேள் என்றாள். கட்டியில் ஊசி குத்தினால் பரவுமா? கேட்டேன். ஊசி நோயைக் கொண்டு வராது, கிளப்பியும் விடாது, ஏற்கெனவே அங்கே இருப்பதைத்தான் எடுத்துக் காட்டும் என்றார். அப்படியே தமிழில் சொன்னேன். அம்மா தலையாட்டிவிட்டு முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலும் என்று நினைத்தேன்.

குளிசை தொடங்கிய கொஞ்ச நாளில் சாயங்காலக் காய்ச்சல் வருவதை மறந்தது. நான் சேலைக் கனவுக்காகக் காத்துப் பார்த்தேன், அதுவும் வரவில்லை. உண்மையாகவே கொஞ்சம் ஏக்கமாக இருந்தது. கொழும்பிலிருந்தும் அதே பெயரை உறுதி செய்து பதில் வந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பசறை அக்கா தன் கொத்தமல்லிப் பொட்டலத்தை என் பையில் திணித்தார்.

ரயிலில் வந்தோம். எதிரெதிரே உட்காராமல் அம்மா என் இடது பக்கத்தில் உட்கார்ந்தாள். டொக்டர் அறையிலிருந்து வந்த நாள் முதல் அவள் அதிகம் பேசவில்லை. தேயிலை மலைகள் ஜன்னலில் சாய்ந்து சாய்ந்து போயின. பதுளையிலிருந்து போகிறவர்கள் முதலில் ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கும் சுரங்கத்தில் நுழைந்து, பிறகு மலையை ஒரு சுற்றுச் சுற்றி, மேலே ஏறித்தான் அதே தெமோதரை ஸ்டேஷனில் இறங்க வேண்டும். சுரங்கம் வந்தது. பெட்டி இருண்டது. அந்த இருட்டில் அம்மா பேசினாள்.

"ஒங்கப்பா போக மாட்டேன்னுதான் சொன்னாரு. நாந்தான் சண்ட புடிச்சு ஆசுபத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன். குத்துங்கன்னு சொன்னதும் நாந்தான்."

இத்தனை வருஷமும் ஊசி, ஊசி என்று அவள் சொன்னபோதெல்லாம் ஆஸ்பத்திரியைத் திட்டுகிறாள் என்றே நான் நினைத்திருந்தேன். அவள் திட்டியது தன்னை. அப்பாவைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டுதான் தினமும் விடியற்காலையில் எழுந்து, ரொட்டி சுட்டு, மலைக்குப் போய், எங்களை வளர்த்திருக்கிறாள்.

"அவருக்கு அது முன்னாடியே இருந்துச்சும்மா. ஊசி பாக்க மட்டுந்தான் செய்யும்."

"டொக்டரம்மா அப்படியேதான் சொன்னாங்களா? எனக்காக நீ ஒண்ணும் சேத்துச் சொல்லலையே?"

"ஒரு வார்த்த சேக்கலம்மா."

ரயில் வெளிச்சத்துக்கு வந்தது. அம்மா அழுதுகொண்டிருந்தாள், முகத்தைத் துடைக்கவில்லை. ரயில் மலையைச் சுற்றி ஏறுகிற வரை இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்டேஷன் தெரிந்தபோது அவள் கையை நீட்டி, வெற்றிலையும் துணியும் இல்லாமல், வெறும் உள்ளங்கையை என் கட்டியின் மேல் வைத்தாள். காய்த்துப்போன கை, சூடாக இருந்தது. கட்டியைக் கொழுந்துப் பிடி மாதிரி மெதுவாக அள்ளித் தூக்கிப் பார்த்தாள்.

"தண்ணிக்குக் கழிச்சா கால் கிலோ தேறாது," என்றாள். "எந்திரி, எறங்கணும்."